காட்டிலிருந்து வயலுக்கு இடம்பெயர்ந்த மரத் தொழில்: ஆய்வகங்கள் வென்றன, விவசாயிக்கு வெற்றி எப்போது?

புதுடெல்லி: இந்தியாவின் பிளைவுட் ஆலைகள், காகித ஆலைகள், மரச்சாமான் பட்டறைகள் ஆகியவற்றுக்கு இன்று மூலப்பொருள் வழங்குவது காடுகள் அல்ல, வயல்களே. 2024 டிசம்பரில் வெளியான ‘இந்திய வனநிலை அறிக்கை 2023’ இதனைப் புள்ளிவிவரங்களுடன் உறுதி செய்துள்ளது. காடுகளுக்கு வெளியே, அதாவது விவசாய நிலங்கள், வரப்புகள், சாலையோரங்கள், தனியார் தோட்டங்கள் ஆகியவற்றில் வளரும் மரங்களிலிருந்து ஆண்டுக்கு 9.15 கோடி கன மீட்டர் தொழில் மரம் கிடைக்க வாய்ப்புள்ளதாக அவ்வறிக்கை மதிப்பிடுகிறது.

இதே அமைப்பு 2011-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த அளவு 4.28 கோடி கன மீட்டராக இருந்தது. அப்போது அரசுக் காடுகளிலிருந்து கிடைத்த மரமோ சுமார் 32 லட்சம் கன மீட்டர் மட்டுமே. மதிப்பீட்டு முறைகள் இடையில் மாறியிருந்தாலும், போக்கு எத்திசையில் செல்கிறது என்பதில் ஐயமில்லை.

இந்த மாற்றத்தின் பின்னணியில் இரண்டு ஆற்றல்கள் செயல்பட்டுள்ளன. ஒன்று, காடுகளைத் தொழிற்சாலைகளிடமிருந்து விலக்கிய சட்டமும் கொள்கையும். மற்றொன்று, முன்பு விறகுக்கு மட்டுமே பயன்பட்ட மென்மரங்களையும் மூங்கிலையும் கட்டுமானப் பொருளாக மாற்றிய அறிவியல் ஆய்வு. இவ்விரண்டும் பெருமளவு வெற்றி பெற்றுவிட்டன. ஆனால் மரத்தை வளர்க்கும் விவசாயிக்கும், அதனைப் பலகையாக்கும் சிறு ஆலைக்கும் இந்த வெற்றியின் பயன் முழுமையாகச் சென்றடைந்துள்ளதா என்பதே இப்போது எழுந்துள்ள கேள்வி.

கொள்கை திறந்த வழி

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, இயற்கைக் காடுகளைத் தொழிற்சாலைகளுக்கான மூலப்பொருள் கிடங்காகக் கருதும் பழைய பார்வைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தேவையான மரத்தை விவசாயிகளுடன் நேரடித் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு ஆலைகளே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 1993-இல் மத்தியப் பொதுப்பணித் துறை, காடுகளைக் காக்கும் நோக்கில் தனது கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது.

1996 டிசம்பர் 12-இல் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, இதனைவிடப் பெரிய அதிர்வை ஏற்படுத்தியது. அனுமதியின்றி இயங்கிய மர அறுவை ஆலைகள், வெனீர் ஆலைகள், பிளைவுட் ஆலைகள் மூடப்பட்டன. வடகிழக்கு மாநிலங்களின் மழைக்காட்டு மரங்களை நம்பியிருந்த பிளைவுட் தொழில் அங்கு ஏறத்தாழ முடங்கியது. அத்தொழிலின் மையம் ஹரியானாவின் யமுனாநகர், கேரளத்தின் பெரும்பாவூர், குஜராத்தின் காந்திதாம் போன்ற ஊர்களில் வேரூன்றியது.

இவற்றில் யமுனாநகரின் கதை தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஹரியானாவின் பரப்பில் வனப்பரப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. இருப்பினும் நாட்டின் மிகப் பெரிய பிளைவுட் உற்பத்தி மையங்களுள் ஒன்று அம்மாநிலத்தில் அமைந்துள்ளது. காரணம், கோதுமை மற்றும் கரும்பு வயல்களில் வளரும் பாப்லர் மரம்.

அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பாப்லர், குளிர்காலத்தில் இலைகளை முற்றிலும் உதிர்த்துவிடும். அதே பருவத்தில் வயலில் நிற்கும் கோதுமைக்கு வெயில் தடையின்றிக் கிடைக்கும். மரமோ 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் வெட்டும் பருவத்தை எட்டிவிடும். 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் தீப்பெட்டித் தொழிலுக்காக உத்தரப் பிரதேசத் தராய்ப் பகுதியில் தொடங்கப்பட்ட பாப்லர் நடவுத் திட்டம், பின்னர் பஞ்சாப், ஹரியானா வயல்களுக்கும் பரவியது. காடில்லாத சமவெளி மரத் தொழிலுக்குத் தாயகமானது இவ்வாறுதான்.

ஆய்வகங்கள் சாதித்தவை

வயலில் விளையும் மரத்துக்கு ஒரு குறைபாடு உண்டு. தேக்கு, சால் போன்ற காட்டு மரங்களைப் போல அது நூறாண்டு வைரம் பாய்ந்ததல்ல. விரைவாக வளர்வதால் மென்மையானது, சுற்றளவில் சிறியது, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாவது. இந்தக் குறைகளைக் களைவதே கடந்த நாற்பது ஆண்டுகளாக இந்திய மர அறிவியலின் முதன்மைப் பணியாக இருந்து வந்துள்ளது.

ரப்பர் மரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 25 முதல் 30 ஆண்டுகள் பால் வடித்த பின் வெட்டப்படும் இம்மரம் ஒரு காலத்தில் விறகாகவும், சரக்குப் பெட்டிகள் செய்யவும் மட்டுமே பயன்பட்டது. அதில் நிறைந்துள்ள மாவுச்சத்து துளைப்பான் பூச்சிகளை ஈர்ப்பதால், வெட்டிய சில நாள்களிலேயே மரம் கெடத் தொடங்கும். அறுத்த உடனேயே போரிக் அமிலம், போராக்ஸ் கலவையைப் பலகைக்குள் ஊடுருவச் செய்து, சூளையில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி உலர்த்தும் முறை பரவலான பின்னர், அதே மரம் மேசை, கதவு, சமையலறை அலமாரி ஆகியவற்றுக்கு உகந்ததாக மாறியது. பெரும்பாவூரின் பிளைவுட் தொழிலும் ரப்பர் மரத்தின் மீதே எழுப்பப்பட்டது.

டேராடூனில் 1906-இல் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், அதே நகரில் 1962-இல் தொடங்கப்பட்ட பிளைவுட் தொழில் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆகியவை இத்துறையின் மூன்று தூண்கள். மூங்கில் பாய்களைப் பசையிட்டு, வெப்ப அழுத்தத்தில் பலகையாக்கும் தொழில்நுட்பமும், அதையே நெளிவுக் கூரைத் தகடாக வார்க்கும் தொழில்நுட்பமும் பெங்களூரு ஆய்வகத்தின் கொடைகள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட மூங்கில் கூரைத் தகட்டுக்கு 2004-இலேயே இந்தியத் தர நிர்ணயம் வகுக்கப்பட்டது.

மறுபுறம், மரத்தையே மேம்படுத்தும் பணி கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனத்திலும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும், காகித ஆலைகளின் சொந்த ஆய்வுப் பண்ணைகளிலும் நடைபெற்று வருகிறது. சவுக்கு, யூகலிப்டஸ், மலைவேம்பு ஆகியவற்றில் சிறந்த தாய் மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் குச்சிகளிலிருந்து ஒரே தன்மை கொண்ட கன்றுகளைப் பெருக்கும் முறை, ஏக்கருக்குக் கிடைக்கும் மகசூலைக் கணிசமாக உயர்த்தியுள்ளது. தெலங்கானாவின் பத்ராசலம் பகுதியில் 1990-களில் பரவிய யூகலிப்டஸ் குளோன் கன்றுகள் இதற்கு முன்னோடி.

ஆலைக்குள்ளும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. மரத்தண்டைச் சுழற்றி, பென்சில் சீவுவதைப் போல மெல்லிய வெனீர் தாளாக உரிக்கும் எந்திரங்களுக்கு முன்பு பருத்த தண்டுகள் தேவைப்பட்டன. தண்டை இரு முனைகளிலும் பற்றிப் பிடிக்காமல், உருளைகளால் சுழற்றும் புதிய வகை எந்திரங்கள், கைப்பிடிக்குள் அடங்கும் நடுத்தண்டு மிஞ்சும் வரை மரத்தை உரித்தெடுக்கின்றன. மெலிந்த மரத்துக்கும் சந்தை உண்டானது இதனால்தான்.

பசையில் சிக்கிய தரம்

பலகையின் உறுதியை மரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பசையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. உள்ளறைப் பயன்பாட்டுக்கான பலகைகளில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையும், நீர் படும் இடங்களுக்கானவற்றில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசையும் பயன்படுத்தப்படுகின்றன. முன்னது மலிவானது, ஆனால் ஈரத்தைத் தாங்காது. பின்னது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பிரியக் கூடாது என்பது கப்பல்தர பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர நிர்ணயத்தின் நிபந்தனை.

இரு பசைகளிலிருந்தும் சிறிதளவு ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004-இல் இவ்வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூடிய அறைகளில் குளிரூட்டியுடன் வாழும் நகரக் குடும்பங்களுக்கும், அதனினும் கூடுதலாகப் பசைக்கலன் அருகே நாள் முழுவதும் நிற்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இது உடல்நலப் பிரச்சினை.

ஃபீனால், பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் வேதிப்பொருள். அதன் ஒரு பகுதிக்கு மாற்றாக, காகித ஆலைக் கழிவு நீரில் மிஞ்சும் லிக்னின் என்னும் மரப்பொருளைப் பயன்படுத்தும் ஆய்வுகள் இந்தியாவிலும் உலகின் பிற பகுதிகளிலும் நடைபெற்று வருகின்றன. மரத்தை மரத்தாலேயே ஒட்டும் இம்முயற்சி வெற்றி பெற்றால், பசையின் விலையும் நச்சுத்தன்மையும் ஒருசேரக் குறையக்கூடும்.

இந்தப் பின்னணியில்தான், பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு ஆகியவற்றுக்கு இந்தியத் தர முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வரத் தொடங்கின. தரமற்ற இறக்குமதியைத் தடுப்பதும், நுகர்வோரைக் காப்பதும் இவற்றின் நோக்கம். நோக்கம் சரியானதே. ஆனால் முத்திரை பெற ஆலைகள் பரிசோதனை, கருவிகள், பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டியுள்ளது. பெரிய நிறுவனங்களுக்கு இது சிறு செலவு. சில பத்துத் தொழிலாளர்களுடன் இயங்கும் யமுனாநகர், பெரும்பாவூர் ஆலைகளுக்குப் பெரும் சுமை. சிறு, குறு நிறுவனங்களுக்குக் கூடுதல் கால அவகாசம் அளிக்கப்பட்டது. எனினும், அவகாசத்தைவிட அவற்றுக்குத் தேவைப்படுவது தொழில்மையங்களிலேயே அமைந்த பொதுப் பரிசோதனைக் கூடங்கள்.

மூங்கில் தரும் பாடம்

ஆய்வு ஒன்று மட்டும் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்த்துவிடாது என்பதற்கு மூங்கிலின் வரலாறே சான்று. தாவரவியலின்படி மூங்கில் ஒரு புல் வகை. ஆயினும் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அதனை மரமாகவே வகைப்படுத்தியிருந்தது. தன் நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டவும் எடுத்துச் செல்லவும் விவசாயி அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. 2017 நவம்பரில் அவசரச் சட்டம் மூலமும், தொடர்ந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் மூலமும் இந்த வகைப்பாடு நீக்கப்பட்டது. மூங்கில் பாய்ப் பலகைக்கு 1990-களிலேயே தர நிர்ணயம் வகுக்கப்பட்டிருந்தும், சட்டம் வழிவிட மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சட்டம் திருந்திய வேளையில் சந்தை சரிந்தது. அசாமில் மூங்கிலை நம்பி இயங்கிய இரு பெரிய அரசுக் காகித ஆலைகளுள் கச்சார் ஆலை 2015-இலும், ஜாகிரோட்டில் இருந்த நகாவ்ன் ஆலை 2017-இலும் உற்பத்தியை நிறுத்தின. அவற்றின் தொழிலாளர்கள் மட்டுமன்றி, மூங்கில் வெட்டி விற்ற மலைக்கிராமக் குடும்பங்களும் வருவாயை இழந்தன. ஜாகிரோடு ஆலை இருந்த நிலத்தில் இன்று எழுவது செமிகண்டக்டர் தொழிற்சாலை.

இந்த வெற்றிடத்தை நிரப்பும் வாய்ப்பாக, 2025 செப்டம்பரில் அசாமின் கோலாகாட் மாவட்டம் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால் தயாரிக்கும் ஆலை திறந்து வைக்கப்பட்டது. ஃபின்லாந்து நிறுவனங்களின் கூட்டுடன் உருவான இவ்வாலை, முழுத் திறனில் இயங்கும்போது ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் பச்சை மூங்கிலைக் கொண்டு, சுமார் 49 ஆயிரம் டன் எத்தனாலையும், அசிட்டிக் அமிலம், ஃபர்ஃபியூரல் போன்ற வேதிப்பொருள்களையும் உற்பத்தி செய்யும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. இத்தனை மூங்கிலைத் தொடர்ந்து வழங்கும் பொறுப்பு வடகிழக்கின் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளுடையது. காகித ஆலைகள் காலத்தின் அனுபவம் மீண்டும் நேராதிருக்க, எழுத்து வடிவிலான கொள்முதல் ஒப்பந்தமும் காலத்தில் பணப்பட்டுவாடாவும் இன்றியமையாதவை.

மதிப்புக் கூட்டிய பயன்பாடுகளும் கவனம் ஈர்த்து வருகின்றன. மகாராஷ்டிரத்தின் வணி–வரோரா நெடுஞ்சாலையில் 2023-இல் 200 மீட்டர் நீளத்துக்கு மூங்கிலால் ஆன சாலைத் தடுப்பு நிறுவப்பட்டது. ‘பாகுபல்லி’ எனப் பெயரிடப்பட்ட அத்தடுப்பு, கிரியோசோட் எண்ணெயில் பதப்படுத்தி, மறுசுழற்சி பிளாஸ்டிக் பூசப்பட்ட மூங்கிலால் ஆனது. பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் பதப்படுத்திய மூங்கில் மேற்கூரை அலங்காரமாக விரிந்துள்ளது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் தளத்தில் திரிபுரா மூங்கில் இடம்பெற்றுள்ளது. இவை அனைத்தும் பெருமைக்குரிய காட்சிப் பொருள்கள். ஆனால் ஒரு சாதாரண ஊராட்சிப் பள்ளியின் கூரையில் மூங்கில் தகடு ஏறும் நாளே தொழில்நுட்பம் மக்களைச் சென்றடைந்த நாளாகும்.

மூங்கில் யாருக்குச் சொந்தம் என்பதும் இத்துடன் இணைந்த வினா. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மூங்கிலைச் சிறு வன விளைபொருளாக அறிவித்து, காட்டில் வாழும் சமூகங்களுக்கு அதன் மீது உரிமை வழங்கியது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா லேகா கிராமசபை, மூங்கிலைக் கொண்டு செல்வதற்கான அனுமதிச் சீட்டைத் தானே வழங்கும் அதிகாரத்தை 2011-இல் பெற்றது. சட்டம் வந்து ஐந்தாண்டு கழித்தே அந்த அதிகாரம் நடைமுறைக்கு வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

வெட்டும் உரிமையும் விற்கும் விலையும்

நெல்லையோ கோதுமையையோ அறுவடை செய்ய எந்த விவசாயியும் அனுமதி கேட்பதில்லை. மரத்துக்கு மட்டும் பல மாநிலங்களில் இனத்துக்கு ஒரு விதி, மாவட்டத்துக்கு ஒரு நடைமுறை என்ற நிலை நீடித்து வந்தது. உலகிலேயே முதன்முறையாக 2014-இல் தேசிய வேளாண் காடுகள் கொள்கையை அறிவித்த நாடு இந்தியா. அக்கொள்கையே இந்தச் சிக்கலை முதன்மைத் தடையாகச் சுட்டிக்காட்டியது.

மாநில எல்லைகளைக் கடக்கும் மரத்துக்கு நாடு முழுவதும் ஒரே மின்னணு அனுமதிச் சீட்டு வழங்கும் தேசிய முறை 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூனில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், விவசாய நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. இதன்படி விவசாயிகள் தங்கள் தோட்டத்தை இணையத்தில் பதிவு செய்யலாம். பத்து மரங்கள் வரை வெட்டுவதற்குப் புகைப்படங்களைப் பதிவேற்றினால் போதும். அதற்கு மேற்பட்டவற்றை அங்கீகரிக்கப்பட்ட முகமைகள் நேரில் சரிபார்க்கும். ஆனால் இவை மாதிரி விதிகள் மட்டுமே. மாநில அரசுகள் ஏற்றுத் தத்தம் விதிகளைத் திருத்தினால்தான் பயன் கிட்டும்.

அனுமதியைவிட ஆழமான சிக்கல் விலையில் உள்ளது. 1980-களில் அரசின் ஊக்குவிப்பால் வடமேற்கு மாநிலங்களில் பெருமளவு நடப்பட்ட யூகலிப்டஸ், ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தபோது விலை வீழ்ந்தது. விவசாயிகள் பலர் மரங்களைப் பிடுங்கி எறிந்தனர். 2000-களின் தொடக்கத்தில் பாப்லரிலும் இதே காட்சி அரங்கேறியது. பின்னர் நடவு குறைந்து, ஆலைகள் மரமின்றித் தவித்தபோது விலை மீண்டும் ஏறியது. உபரி, சரிவு, தட்டுப்பாடு, ஏற்றம் என்று இச்சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது.

கோதுமை விவசாயி ஒரு பருவ நட்டத்தை அடுத்த பருவத்தில் ஈடு செய்யலாம். பாப்லர் விவசாயி முடிவெடுத்து ஆறு ஆண்டுகள் கழித்தே விளைவை அறிகிறார். அவருக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. மண்டியில் மரம் சுற்றளவின்படி வகை பிரிக்கப்பட்டு, இடைத்தரகர் சொல்லும் விலையே பெரும்பாலும் இறுதியாகிறது. எந்த மாவட்டத்தில் எவ்வளவு மரம் எந்த ஆண்டில் வெட்டுக்கு வரும் என்ற தகவலை முன்கூட்டியே வெளியிட்டால், நடவு முடிவுகள் சீராகும். இணையப் பதிவின் உண்மையான பயன் கண்காணிப்பில் அன்று, இத்தகைய முன்னறிவிப்பிலேயே அடங்கியுள்ளது.

ஏற்றுமதிக்குச் சான்று

வெளிநாட்டுச் சந்தையும் கேள்விகளை எழுப்பத் தொடங்கியுள்ளது. மரம், ரப்பர் உள்ளிட்ட பொருள்கள் 2020 டிசம்பர் 31-க்குப் பின் அழிக்கப்பட்ட காட்டிலிருந்து வந்தவை அல்ல என்பதை, விளைந்த நிலத்தின் புவியிட விவரத்துடன் நிரூபிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதிமுறை கோருகிறது. இருமுறை தள்ளிவைக்கப்பட்ட இவ்விதிமுறை, பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வரவுள்ளது. இந்தியா குறைந்த அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால் நடைமுறை எளிதாகும். ஆனால் நில விவரம் தரும் கடமை நீங்காது.

சீசம் மரக் கைவினைஞர்கள் இத்தகைய அதிர்ச்சியை ஏற்கெனவே சந்தித்தவர்கள். 2017-இல் அம்மர இனம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்தபோது, சஹாரன்பூர், ஜோத்பூர் ஏற்றுமதியாளர்கள் ஒவ்வொரு சரக்குக்கும் சான்று தேட வேண்டியதாயிற்று. 2022 நவம்பரில் பனாமா மாநாட்டில், 10 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள பொருள்களுக்கு விலக்குப் பெற்ற பிறகே அவர்களுக்கு நிம்மதி பிறந்தது.

2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்திய வன மற்றும் மரச் சான்றளிப்புத் திட்டம், வெளிநாட்டுச் சான்றுகளுக்குச் செலவிட இயலாத சிறு விவசாயிகளையும் ஆலைகளையும் குழுக்களாகச் சேர்த்துச் சான்றளிக்கும் வாய்ப்பை அளிக்கிறது. வாங்கும் நாடுகள் இச்சான்றை ஏற்கின்றனவா என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும்.

ஒரே மரத்தின் ஆபத்து

வயல் மரம் காட்டைக் காக்கிறது என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. ஒரே தாயின் நகல்களான குளோன் மரங்கள் பல்லாயிரம் ஏக்கரில் நிற்கும்போது, ஒரு பூச்சி அனைத்தையும் தாக்க முடியும். 2000-களில் தென்னிந்தியாவில் பரவிய யூகலிப்டஸ் முடிச்சுக் குளவி, பரவலாக நடப்பட்டிருந்த சில குளோன்களைக் கடுமையாகப் பாதித்தது. நிலத்தடி நீர் குறித்த அச்சத்தால் கர்நாடக அரசு 2017-இல் யூகலிப்டஸ் புதிய நடவுக்கே தடை விதித்தது. தோட்ட மரங்களைக் கணக்கில் சேர்த்து, நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம் பசுமையால் மூடப்பட்டுள்ளதாக வனநிலை அறிக்கை கூறுகிறது. எனினும் பாப்லர் வயல் ஒன்று சால் காட்டுக்கு ஈடாகாது. பலவகை மரங்களையும் உள்நாட்டு இனங்களையும் ஊக்குவிக்கும் ஆய்வுக்கு அரசு நிதி தேவைப்படுவதும் இதனால்தான். விரைவில் இலாபம் தராத மரத்தில் தனியார் ஆலைகள் முதலீடு செய்வது அரிது.

மத்தியப் பொதுப்பணித் துறை 2020-இல் மரத்தின் மீதான 27 ஆண்டுத் தடையை விலக்கிக்கொண்டது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். கட்டடத்தில் நீடித்து நிற்கும் ஒவ்வொரு உத்தரமும் அந்தக் கார்பனைக் காற்றில் கலக்காமல் காக்கிறது. சிமெண்டும் எஃகும் வெளியிடும் மாசைக் குறைக்க உலக நாடுகள் மரத்தின் பக்கம் திரும்பும் வேளையில், இந்தியாவிடம் மரமும் உள்ளது, அதனைப் பயன்படுத்தும் அறிவும் உள்ளது.

எஞ்சியுள்ள பணிகள் ஆய்வகத்துக்கு வெளியே இருக்கின்றன. மாதிரி விதிகளை எத்தனை மாநிலங்கள் ஏற்கின்றன, தொழில்மையங்களில் பொதுப் பரிசோதனைக் கூடங்கள் எப்போது அமைகின்றன, நுமாலிகர் ஆலை மூங்கிலுக்கு எந்த விலையை, எத்தனை நாளில் வழங்குகிறது ஆகிய மூன்றும் அடுத்த சில ஆண்டுகளில் இத்துறையின் திசையைத் தீர்மானிக்கும். இவற்றுக்கான விடைகள் சாதகமாக அமைந்தால், வயலில் மரம் நட்ட விவசாயி அடுத்த முறையும் கன்று வாங்குவார். இல்லையெனில் அவர் நெல்லுக்கும் கோதுமைக்கும் திரும்பிவிடுவார். மரத் தொழிலின் பார்வை மீண்டும் காட்டின் மீதும் இறக்குமதியின் மீதும் விழும்.